ஆண் உறவினர் கையெழுத்து

அன்பரசன் படிவத்தைப் பாய்மேல் விரித்தான். பேனாவின் மூடியையும் தானே கழற்றி நீட்டினான்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுக்கா. கீழ நான் போட்டுட்டேன்."

சரோஜா பேனாவை வாங்கவில்லை.

"டாக்டரு ரெண்டு வழி சொன்னாராமே?" என்றாள்.

சமையலறையில் அவன் மனைவி சந்தியாவின் கரண்டிச் சத்தம் நின்றது. துபாயில், அல் குசைஸின் அந்தச் சின்ன ஃபிளாட்டில் எங்கே பேசினாலும் எல்லா இடத்திலும் கேட்கும்.

"யாரு சொன்னா?"

"காலையில ரத்தம் எடுத்த நர்ஸு."

அன்பரசன் பேனாவுக்கு மூடியைப் போட்டான். பிறகு கழற்றினான்.

சரோஜாவுக்கு நாற்பத்து மூன்று வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம். தம்பிதான் துபாய்க்கு அழைத்துவந்து, ஓர் இந்தியப் பள்ளியின் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை வாங்கிக் கொடுத்தான். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். டாக்டர் இங்கிலீஷில் கால்மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் அன்பரசனின் முகத்தைப் பார்த்தே பேசினார். வெளியே வந்ததும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்களாம்க்கா. பயப்படாத," என்றான். அவ்வளவுதான்.

இன்று காலை நர்ஸ் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டாள். மேலப்பாளையத்துப் பெண். "என்னக்கா முடிவு பண்ணுனிய? கட்டிய மட்டுமா, முழுசுமா?"

சரோஜா விழித்ததைப் பார்த்து அவள் ஊசியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். "ஒங்க தம்பிட்ட டாக்டர் எல்லாம் சொன்னாவளே! ஒங்களுக்குக் கட்டி சின்னதுக்கா. அத மட்டும் எடுத்துட்டு ஆறு வாரம் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கலாம். இல்லன்னா முழுசா எடுக்கலாம். உயிருக்கு ரெண்டும் ஒண்ணுதான். மிச்சத்துல திரும்ப வர கொஞ்சம் வாய்ப்பு உண்டு. வந்தா அப்பப் பாத்துக்கிடலாம். நீங்கதான்க்கா சொல்லணும்."

நீங்கதான் சொல்லணும். இதற்குமுன் தன்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சரோஜா யோசித்துப் பார்த்திருந்தாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று இப்போது கேட்டாள்.

"எப்படிக்கா சொல்லச் சொல்ற?" அன்பரசனின் குரல் உடைந்தது. "கூடப் பொறந்தவகிட்ட அதப் பத்தி நான் எந்த வாயால பேசுவேன்? அந்த ஆளு படம் போட்டுக் காட்டுறாரு. எனக்குக் கண்ண எங்க வெக்கிறதுன்னே தெரியல. முழுசா எடுத்துட்டா நிம்மதின்னு தோணுச்சு, சரின்னுட்டேன். மிச்சம் வெச்சு, நாளைக்கி அதுலயே திரும்ப வந்தா?"

"வந்தா அப்ப எடுத்துக்கலாமாம்."

"கரண்ட் வெக்கிறது இங்க இல்ல. அல் அய்னுக்குப் போகணும். தெனம் போக வர மூணு மணி நேரம். என் டூட்டிய விட்டுட்டு…"

"எனக்கு ஸ்கூல் லீவு. பஸ்ஸு போவுது. நான் போய்க்கிறேன்."

சந்தியா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசல்படியில் வந்து நின்றாள். கெட்டவள் அல்ல. நாத்தனாருக்காக ஒரு மாதமாய்ப் பத்தியச் சமையல் செய்பவள். அவள் சொன்னது கெட்ட எண்ணத்தில் வந்ததும் அல்ல. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

"புருஷன் இருக்கறவளே முழுசா எடுத்துட்டு, புள்ளைங்க முகத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒங்களுக்கு என்னண்ணி? இனிமே யாருக்காக அது?"

அன்பரசன், "ஏய், சும்மா இரு," என்றான். ஆனால் அவன் முகத்தில் கோபம் இல்லை. அவன் சொல்லக் கூசியதை அவள் சொல்லிவிட்ட நிம்மதிதான் இருந்தது.

சரோஜா எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். அந்த வீட்டில் தாழ் உள்ள ஒரே இடம் அவளுக்கு அதுதான். குழாயைத் திறந்துவிட்டாள்.

யாருக்காக? நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது. இன்னொருவன் வரப்போவதில்லை, வரவேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. பால் கொடுக்கப் பிள்ளை இல்லை. புடவைக்குள் ஒன்றைத் திணித்துக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. பிறகு ஏன் இந்த ஆசை? ஆசை என்ற சொல்லே அவளை வெட்கப்படுத்தியது. வாளி நிரம்பி வழிந்தது.

புருஷன் போன பதினாறாம் நாள் நினைவு வந்தது. பட்டுக்கோட்டை வீட்டில், விடிவதற்கு முன்னால், தாலி அறுத்த ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மெட்டியைக் கழற்றினார்கள். வளையலை உடைத்தார்கள். மூக்குத்தி இறுகிப்போய் வராமல் அடம்பிடித்தது. "அது கெடக்கட்டுமே," என்று அவள் முனகியதற்கு ஒருத்தி, "இனிமே யாருக்குடி அது?" என்று கேட்டு, எண்ணெய் விட்டுத் திருகி எடுத்தாள். அந்தக் கேள்விக்கு அன்று தலையைக் குனிந்துகொண்டாள். உடம்பில் இருந்தவை எல்லாம் அவனுடையவை, அவனோடு போயின என்று ஊர் சொன்னதை நம்பினாள்.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவள்தான்.

ரவிக்கையின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். கட்டி இருக்கும் இடத்தில் வலி இல்லை. பயம் மட்டும் இருந்தது. பயந்தபடியே இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது: இது எனக்கு வேண்டும். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. காலுக்கும் கைக்கும் யாரும் காரணம் கேட்பதில்லையே.

வெளியே வந்து படிவத்தை நான்காக மடித்து அன்பரசன் கையில் கொடுத்தாள். "இது வேணாம். கட்டிய மட்டும் எடுக்கச் சொல்லி வேற வாங்கிக்கிறேன்."

"அப்ப நீயே பாத்துக்க," என்றான் அவன்.

*

திங்கட்கிழமை அவன் டூட்டிக்குப் போய்விட்டான். சரோஜாவை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டவர் பள்ளி பஸ் டிரைவர் செய்கு அலாவுதீன். அதிராம்பட்டினத்துக்காரர், ஐம்பது வயது. என்ன ஆபரேஷன் என்று அவர் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஃபிர்தௌஸ் நடுவில் நின்று பேச, டாக்டர் தலையசைத்தார். கட்டியை மட்டும் எடுக்கலாம், தகுந்த முடிவுதான், புதுப் படிவம் எழுதுங்கள் என்றார். சரோஜா தன் பெயரைத் தமிழில், நிறுத்தி நிதானமாக எழுதினாள். கவுன்டரில் இருந்தவன் படிவத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தள்ளினான்.

"ஆத்மி கிதர் ஹை?" உன் ஆம்பளை எங்கே என்றான்.

"ஆத்மி நஹி. மர் கயா," என்றாள். துபாயில் அவள் கற்ற இந்தியில், புருஷன் செத்துவிட்டான் என்ற அதுதான் அடிக்கடி சொல்ல நேர்ந்த வாக்கியம்.

"பாயி? பேட்டா?" அண்ணன் தம்பியா, மகனா என்று கேட்டபடி, ஆண் உறவினர் என்று அச்சடித்த கட்டத்தை விரலால் தட்டினான். "சைன் நஹி, ஆபரேஷன் நஹி." பன்னிரண்டு மணி வரைக்கும்தான் டைம் என்றான். கடிகாரத்தில் பதினொன்றரை.

அன்பரசனுக்கு போன் செய்தாள். பின்னணியில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் இரைந்தது.

"கையெழுத்துக்கு ஆம்பள வேணுமாம்டா. வந்துட்டுப் போ."

"முழுசா எடுக்குறதுன்னா சொல்லு, இப்பவே டாக்ஸி புடிச்சு வர்றேன். பாதியில விட்டு ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்க்கா." அவன் அழுதான். அழுதுகொண்டே வைத்துவிட்டான்.

அன்புதான். அதுவும் அவளிடம் கேட்காமல் முடிவு செய்கிற அன்பு. சரோஜா போனைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். இப்போது சரி என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் எல்லாம் சுமுகமாகிவிடும். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள். பிறகு தண்ணீர்க் குழாயருகே பையோடு நின்றவரைப் பார்த்தாள்.

"பாய், ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் அருகே வந்தார். "எதுக்குத் தங்கச்சி?"

"எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லிட்டேன். ஆம்பள சொன்னாத்தான் எடுத்துக்குவாங்களாம்."

அலாவுதீன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "வம்பு கிம்பு வராதுல்ல?"

"வந்தா என் தலையில வரட்டும்."

"பிஸ்மில்லா," என்று முணுமுணுத்துப் பேனாவை எடுத்தார். உறவு என்ற இடத்தில் நிறுத்தி, "என்னம்மா போடட்டும்?" என்றார்.

"அண்ணன்னு போடுங்க."

பிரதர் என்று எழுதி, கீழே செய்கு அலாவுதீன் என்று கையெழுத்திட்டார். சரோஜா படிவத்தை நீட்டினாள். மேலே அவள் பெயர், அவள் அப்பா பெயர். கீழே இவர் பெயர். படிக்கிற எவனுக்கும் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

கவுன்டரில் இருந்தவன் படிக்கவில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். எதிரே மீசையோடு ஓர் ஆண் நிற்பதைப் பார்த்தான். பிறகு மரியாதையாக அவரை நோக்கி, இந்தியில், எந்தப் பக்கம், எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை நாள் கட்டு என்று ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினான். உறவில்லாத ஒரு பெண்ணின் மார்பைப் பற்றிக் கேட்க நேர்ந்த அலாவுதீன் காது சிவந்து, சுவரைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட சொல்லுங்க பாயி," என்றார் பாதி இந்தியில்.

"சைன் நீங்கதானே போட்டிருக்கீங்க," என்றான் அவன் இந்தியிலேயே. "சம்ஜா?"

"எனக்குப் புரிஞ்சுது," என்றாள் சரோஜா, தமிழில், அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அலாவுதீனின் கையெழுத்தின்மேல் முத்திரையைக் குத்தினான்.