ஏழாம் பொத்தான்

காலையிலிருந்து நாற்பத்தொரு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தேன்.

"வேட்பாளரின் மனைவி பிள்ளையோடு வீட்டைவிட்டுப் போய்விட்டார். இது உங்கள் ஓட்டைப் பாதிக்குமா? மிகவும், ஓரளவு, இல்லவே இல்லை?"

கேட்கச் சொன்னது எதிர் அணி. பாதிப்பேர் "மிகவும்" என்றால் நாளை அது துண்டுப் பிரசுரமாகும். அது எங்கள் கவலை இல்லை. திரையில் வரும் எண்ணைக் கூப்பிட வேண்டும், எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும்.

"அவன் பொண்டாட்டி எங்க போனா எனக்கென்ன சார்? எங்க தெரு விளக்கு எங்க போச்சுன்னு கேளுங்க" என்றார் ஒருவர்.

"அடிச்சானா, அவளா போனாளா? அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள் ஒரு பெண். திரையில் அதற்குப் பதில் இல்லை. "ஓரளவு" என்று குறித்தேன்.

பக்கத்து சீட் அக்கா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "என்ன தம்பி, காலை ஆட்டிக்கிட்டே இருக்கே? மேஜை ஆடுது. என் டீ கொட்டினா நீதான் துடைக்கணும்."

காலை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக ஆட ஆரம்பித்தது.

பட்டியல் தெரு வாரியாக வரும். பன்னிரண்டரைக்கு என் மாமியார் வீட்டுத் தெரு வந்துவிட்டது. என் மனைவி இறந்து ஐந்து மாதம். வாக்காளர் பட்டியலில் அவள் பெயரை இன்னும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் முகவரியை மாற்றாமல் சோம்பேறித்தனமாக விட்டுவைத்திருந்தாள். அவள் போன் இப்போது மாமியாரிடம். என் மகளும் அவரிடம்தான்.

நான்காம் நாளே நான் வேலைக்குப் போனேன். அழவில்லை. "இந்தக் கல்லுகிட்ட பிள்ளைய விடமாட்டேன்" என்றார் மாமியார், சொந்தக்காரர்கள் நடுவில். நான் மறுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அவர் வீட்டுப் பக்கத்துப் பள்ளியா, என் வீட்டுப் பக்கத்துப் பள்ளியா. அவர் பக்கம் சேர்ந்துவிட்டால் மகள் அங்கேதான். படிவம் பத்து நாளாக என் பையில் கிடந்தது. கேட்க வாய் வரவில்லை.

அடுத்த எண் என் மனைவியுடையது.

"அக்கா, இத நீங்க பேசறீங்களா?"

"ஏன், பழைய காதலியா?" கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, தள்ளு இங்க."

"வேண்டாம்" என்றேன்.

முதல் வரியில் வாக்காளரின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐந்து மாதமாக நான் உச்சரிக்காத பெயர். சொன்னேன்.

"அவங்ககிட்ட பேசலாமா?"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருண்டது. மகள் சிரித்தாள்.

வாக்காளர் இறந்திருந்தால் ஏழாம் பொத்தான். அழுத்தினால் இணைப்பு தானாகத் துண்டாகும். விரல் அதன் மேலேயே இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார். "வேலையா பேசறீங்களா?"

"ஆமா அத்தை."

"அப்ப வேலையப் பாருங்க. கேளுங்க."

கேள்வியை வாசித்தேன்.

"பொண்டாட்டி போன மறுவாரமே மேடையில சிரிச்சுக்கிட்டு நின்னானே, டிவியில பார்த்தேன். சரியான கல்லுன்னு நினைச்சேன். உங்களையும் அதேதான் சொன்னேன்."

"ஆமா."

"அவன் உள்ளுக்குள்ள என்னன்னு எனக்கெப்படித் தெரியும்? உங்ககிட்டயாவது கேட்டிருக்கலாம். ஏன் நாலாம் நாளே போனீங்க?"

"கதவுகிட்ட அவ செருப்பு கிடந்துச்சு அத்தை. எடுக்கவும் முடியல, பார்த்துக்கிட்டு இருக்கவும் முடியல. இங்க வந்தா கண்ணுல படாது."

"இப்ப?"

"அங்கதான் கிடக்கு."

"ஒரு செருப்ப எடுத்து வைக்கத் தெரியாத ஆளு. உங்கள நம்பி எப்படிப் பிள்ளைய அனுப்ப?"

"பிள்ளை வந்தா எடுத்துடுவேன். ஸ்கூல் ஃபார்ம் கையில இருக்கு. எங்க வீட்டுப் பக்கம் சேர்க்கணும்."

நீளமாக மூச்சு விட்டார். "போன்ல கேக்கற விஷயமா இது? நேர்ல வந்து கேளுங்க. நானும் நேர்லயே சொல்றேன். சாப்பிடாம வாங்க."

"சரி." திரையில் பொத்தான்கள் காத்திருந்தன. "உங்க பதில் என்னன்னு குறிக்கட்டும் அத்தை?"

"எனக்கு எதுக்கு? அவ பேரைச் சொல்லித்தானே கேட்டீங்க. உள்ளத எழுதுங்க."

ஏழாம் பொத்தானை அழுத்தினேன்.

கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப்பார்த்தார். "செத்துப்போனவங்ககிட்ட ஒம்பது நிமிஷம் என்னப்பா பேசினே?"

"அரை நாள் லீவு வேணும் சார்."

ஐந்து மாதத்தில் நான் கேட்ட முதல் லீவு. அவர் பதில் சொல்லுமுன் அக்கா என் பையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். படியில் இறங்கும்போது இரண்டு முறை திறந்து பார்த்தேன். படிவம் இருந்தது.