ஜான்சன் காலில் பூசிய நீலம்

பிரிஸ்கில்லாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒரு நீலம்தான் காரணம்.

உத்திரமேரூர்ப் பக்கத்து மாதா கோயில்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் இடையர் பொம்மைகளுக்கெல்லாம் கண் எழுதுவது அவள்தான். அதை போட்டோவில் பார்த்த பெங்களூர்க்காரர் ஒருவர் நாற்பது குட்டிப் பொம்மைகளை அனுப்பி வர்ணம் பூசித் தரச் சொல்லியிருந்தார். கட்டைவிரலில் பாதி உயரம். மேசையில் பரப்பி வைத்துப் போர் விளையாடுவதற்காம். எல்லாம் ரோமானியர்களோடு மோதிய கெல்டிக் வீரர்கள். சட்டை கிடையாது. வோட் என்ற செடியின் சாயத்தைப் பூசிக்கொண்டு சண்டைக்குப் போவார்களாம். ‘நீலம் நிஜமாக இருக்க வேண்டும், சினிமா நீலம் வேண்டாம்’ என்று அவர் கண்டிப்பாக எழுதியிருந்தார்.

முதல் வீரனுக்கு அடர்நீலம் பூசினாள். சொட்டுநீல வாளியில் விழுந்து எழுந்தவன் போல் இருந்தான். அடுத்தவனுக்கு வெளிர்நீலம். குளிரில் விறைத்தவன் போல் ஆனான். இருவரையும் கழுவி வைத்தாள்.

அப்புறம்தான் போனில் தேடிப் படித்து ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். வோட் செடியில் இருப்பதும் நம்மூர் அவுரியில் இருப்பதும் ஒரே சாயமாம். உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, நரைமுடிக்குப் பூசும் அவுரிப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி வந்து குழைத்துத் தன் கையில் தடவினாள். அவளுடைய கறுத்த கையில் அது வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது. வெள்ளைத் தோல் வேண்டும். உத்திரமேரூரில் கெல்டிக்காரனுக்கு எங்கே போவது?

அப்போது அவள் பார்வை கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவன் ஜான்சன் மேல் விழுந்தது.

மானாம்பதி வளைவில் பைக்கோடு சாய்ந்து இடது காலை உடைத்துக்கொண்டவன் அவன். ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்து வெளியே வந்த கால், உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. கட்டைப் பிரித்து நாலு நாளாகியும், டாக்டர் ஊன்றி நடக்கச் சொல்லியும், அந்தக் காலை அவன் தரையில் வைக்கவே இல்லை.

“இன்னாங்க, அந்தக் கால கொஞ்சம் குடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“கலர் பாக்கணும்.”

“நாளிக்கு டாக்டரப் பாக்கப் போவணும்மே!”

“கழுவுனா போய்டும்.”

முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுருள் சுருளாக வரைந்தாள். முதலில் பச்சையாக இருந்தது. “கீரைக் கடையல் மாதிரி கீது” என்றான் ஜான்சன். காயக் காய அது நீலமாக மாறியது. பிரிஸ்கில்லா கைதட்டினாள்.

ஆனால் கழுவினால் போகவில்லை. சோப்பு, சீயக்காய், தேங்காய் எண்ணெய் எதற்கும் அசையவில்லை.

மறுநாள் காஞ்சிபுரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவனின் கைலியை நர்ஸ் ராணியம்மாள் விலக்கினார்.

“டாக்டர்! சீக்கிரம் வாங்க! ரத்த ஓட்டம் நின்னு கால் நீலமாயிடுச்சி!”

சாயம்தான் என்று ஜான்சனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் போட்ட சத்தத்தில் அறிவு கலங்கிவிட்டது.

“சாயம் உள்ள எறங்கிச்சிமே! கால எடுத்துருவாங்க!” என்று அலறிக்கொண்டு குதித்து இறங்கி, இரண்டு காலாலும் வாசலைப் பார்த்து ஓடினான்.

கூட வந்திருந்த பிரிஸ்கில்லாவும் பின்னாலேயே ஓடினாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த நிறம் இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. முழு நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. மேகம் மூடிய நேரத்து ஏரித் தண்ணீர்.

“ஓடாதீங்க! ஆடாம நில்லுங்க! ஒரே ஒரு போட்டோ!”

வாசலில் எதிரே வந்த டாக்டர் அவனைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து காலைப் பார்த்தார். விரலால் தேய்த்தும் பார்த்தார்.

“ரத்தம் நின்னா இப்படிக் கோலம் கோலமா நிக்காதுங்க ராணியம்மா” என்றார். பிறகு ஜான்சனிடம், “நல்லாத்தான ஓடறீங்க? இனிமே இங்க வர வேணாம். வீட்டுக்குப் போங்க.”

அப்போதுதான் ஜான்சன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். இரண்டும் தரையில் இருந்தன.

நீலத்தில் சாம்பல் வர்ணத்தைக் கலந்து, கறுப்பு ஒரு சொட்டு விட்டு, தண்ணீராகக் கரைத்து நாலே நாளில் நாற்பது வீரர்களையும் முடித்தாள் பிரிஸ்கில்லா. அந்தப் பெங்களூர்க்காரர் பொம்மைகளின் போட்டோவைப் பார்த்து, ‘நிஜம்! அப்படியே நிஜம்!’ என்று பதில் போட்டார்.

பார்சல் கட்டும்போது ஜான்சன் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாமே, நாப்பது பேருக்கும் எடது கால்ல மட்டுந்தான் நீலம் கீது?”

“நான் அத மட்டுந்தான பாத்துக்கீறேன்? மூஞ்சில பூசுனா எப்டி இருக்கும்னு எனக்கின்னா தெரியும்?”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

ஜான்சன் தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்து, நெற்றியிலிருந்து தாடைவரை இழுத்து மூடிக்கொண்டான்.