சாக்பீஸில் எழுதிய பெயர்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்கு மேலே இருக்கும் பழைய போலீஸ் பங்களாவைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைப்பவள் நான். பெயர் மேனகா. தற்காலிகப் பணியாளர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூடத்தில் ஒரு தேக்குப் பலகை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பெரிய போலீஸ் அதிகாரியாக இருந்தவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கின்றன. கடைசிப் பெயர் மட்டும் சாக்பீஸில் இருந்தது. ஃபாரல் துரை. நிரந்தர அதிகாரி ஆறு மாத லீவில் சீமைக்குப் போனபோது அவருக்குப் பதிலாக வந்தவர். போனவர் திரும்பவில்லை. இவரை நிரந்தரமாக்கும் ஆர்டரும் வரவில்லை. தபாலை எதிர்பார்த்தே காய்ச்சலில் செத்துப்போனாராம். தற்காலிக ஆளின் பெயருக்கு இந்தப் பங்களாவில் பெயிண்ட் கிடையாது.

எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த காளியாயி போகும்போது ஒன்றுதான் சொன்னாள். "சாக்பீஸு மங்குனா மறுபடி எழுதிப்போடு கண்ணு. இல்லீன்னா தொர வந்துருவாரு."

சிரித்தேன். முதல் மழைக்காலத்தில் ஈரத்தில் எழுத்து அழிந்தது. மறுநாள் பட்டப்பகலில், பனிமூட்டத்துக்குள், பூட்ஸ் சத்தம் வாசலுக்கும் தபால் பெட்டிக்குமாக நடந்தது. ஆளைக் காணோம். அன்றிலிருந்து மங்க விட்டதில்லை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது வருகைப் பதிவேட்டில் போடும் என் பெயர் மட்டும். துரையின் பெயரையும், பக்கத்தில் தற்காலிகம் என்று காட்டும் சொல்லையும் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைவேன்.

போன மாதம் இன்ஸ்பெக்டர் பிரபாகர் சார் வந்தார். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது. மேலதிகாரி பார்வையிட வருகிறார், அந்தச் சாக்பீஸ் கிறுக்கலை அழித்துவிடு, நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

சந்தோஷத்தில் ஈரத்துணியோடு ஓடினேன். துணியைத் தூக்கியதும் பூட்ஸ் சத்தம் பின்னால் வந்து நின்றது. கழுத்தில் குளிர்ந்த மூச்சு. கண்ணை மூடிக்கொண்டு அழித்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு, நானும் பதினோரு வருடமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்து நிற்பதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க தொர, நொம்ப நாள் காத்துட்டீங்க. போதுமுங்க" என்றேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரை எழுதினேன். பக்கத்திலிருந்த சொல்லைத் துடைத்துவிட்டேன். பூட்ஸ் சத்தம் தபால் பெட்டியைத் தாண்டி ரோட்டில் இறங்கிப் போனது. திரும்பி வரவில்லை.

பிரபாகர் சார் பலகையைப் பார்த்தார். நேராகப் போய் ஜீப்பில் ஏறினார். என் ஃபைலில் 'தேவையில்லை' என்று எழுதித் திருப்பிவிட்டதாக ஸ்டேஷன் ரைட்டர் சத்யராஜ் வந்து சொன்னார். அழுதேன். யாரைப் போய்த் திட்டுவது?

மறுநாள் கூடத்தைத் திறந்தேன். துரையின் பெயருக்குக் கீழே புது சாக்பீஸ் எழுத்து. மேனகா. பதிவேட்டில் நான் போடுவது மாதிரியே இருந்தது. பக்கத்திலிருந்த சொல்லும் தெரிந்ததுதான். துரைக்குப் பெயிண்ட், எனக்குச் சாக்பீஸா என்று ஆத்திரத்தோடு துடைத்தெறிந்தேன்.

இன்று காலை, பனிக்குள், வாசலிலிருந்து தபால் பெட்டி வரைக்கும் கொலுசுச் சத்தம் நடந்துபோனது. என் கொலுசு எனக்குத் தெரியாதா? நான் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.