ஆம்பூர் மூக்கு

1

இந்தக் கதை ஒரு கிண்டலில் பிறந்தது. எங்கள் ஆய்வகத்தில் கோபி அடித்த கிண்டல். எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தேவகி என்று பெயர் வைக்கிறேன்.

(அது நீதானே என்று கேட்பீர்கள். இல்லை. நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரி. என் மூக்கு நன்றாகவே வேலை செய்யும்.)

2

முதல் தொடக்கம்: 'மனித மூளையின் மகத்தான மர்மங்களுள்...' வேண்டாம்.

இரண்டாவது: 'பாலாறு வறண்ட அந்தக் கோடையில்...' கதைக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை.

நேராகவே சொல்கிறேன். மூளைச் செல்லுக்குள் தயால் எனும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. செல்லைத் துரு போன்ற அரிப்பிலிருந்து காப்பவை. ஒரு சாயம் அவற்றோடு சேர்ந்தால் நீலமாக ஒளிரும். ஒளி கூடினால் தயால் கூடுதல். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பட்ட செல்கள் மங்கிவிடும். மங்காமல் காக்க ஒரு மருந்தைத் தேடினாள் தேவகி. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்த வேலை முடிகிறது. நுண்ணோக்கியில் நல்ல நீலப் படம் கிடைத்தால் நீளும்.

3

கிடைத்தது. மருந்து போட்ட செல் தட்டுகள் எல்லாம் ஒளிர்ந்தன. அப்போதுதான் கோபி உள்ளே வந்தான்.

"இன்னா தேவகி, முட்ட கிட்ட அழுகிப்போச்சா? இப்டி நாறுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உனக்கு எப்டித் தெரியும்? ஆம்பூர் மூக்கு. உனக்கு இது மல்லிப்பூ."

ஆம்பூர்த் தோல் ஆலையில், தோலிலிருந்து முடி நீக்கும் குழிகளுக்குப் பக்கத்தில் அவள் வீடு. பிறந்தது முதல் சுவாசித்தது அந்தக் கந்தக வாடையைத்தான்.

மருந்துத் தட்டுகளைத் திறந்து வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் மெர்காப்டோஎத்தனால் பாட்டில், மூடி சரியாக மூடாமல். அதுவும் ஒரு தயால். ஒளிர வைத்தது மருந்தா, பாட்டிலின் ஆவியா? மறுபடி செய்து பார்த்தால்தான் தெரியும். முடிவுகளைக் காட்ட வேண்டிய கூட்டமோ மறுநாள்.

4

இங்கே தேவகியை அழவைக்க நினைத்தேன். 'அவள் கண்கள்' என்று தொடங்கி, விட்டுவிட்டேன். அவள் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதப்பா. நானே..." என்றாள், பின்னாலேயே வந்து நின்ற கோபியிடம்.

அவளும் முடிக்கவில்லை.

5

மறுநாள். திரையில் நீலப் படம். எங்கள் வழிகாட்டி பிரேம்நாத் சார் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்.

"இது போதும்மா. இன்னும் ஒரு வருஷம் கேட்டுடலாம்."

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சார் திட்டுகிறார். இன்னொன்றில் அவளுடைய நேர்மையை மெச்சி வேலையை நீட்டிக்கிறார். இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டும் சாருடைய முடிவுகள்.

"சார், அந்தப் படத்துல..." என்றாள் தேவகி.

சரியான இடத்தில்தான் நிறுத்துகிறேன். மிச்ச வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். சின்னதாக எழுதுங்கள். அவள் நிறையப் பேசமாட்டாள்.