ஐந்து பேருக்கு அனுமதி

"அஞ்சு பேருன்னா, அவளைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டார் மாமா.

தம்பி கையிலிருந்த அனுமதிச் சீட்டை மறுபடியும் பார்த்தார். அதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "சேர்க்காமன்னே வெச்சுக்கலாம் மாமா."

சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். அக்காவின் கணவரான மாமா, தம்பி, மாமாவின் மருமகன், பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன். ஐந்தாவதாக அக்காவின் மகள். கணக்கு முடிந்தது.

பதினோரு வருஷமாகத் தம்பி இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அந்நியப் படை வந்து ஆற்றங்கரை ஜனங்களை அப்புறப்படுத்தி, இந்த வரிசை வீடுகளில் கொண்டுவந்து போட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஜனங்களுடைய எழுத்துக்கு அன்றோடு தடை. பிற்பாடு, இரண்டு பேச்சும் தெரியும் என்பதால் படை அலுவலகத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அக்கா கத்தவில்லை, அழவில்லை. "வேலைக்குப் போ. ஆனா இங்க வராத" என்றாள், அவ்வளவுதான். இன்று காலை அவள் போய்விட்டாள் என்று தகவல் வந்ததும் அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சீட்டு இது.

"அவ கோபம் கடைசிவரைக்கும் தீரல, இல்ல?" என்றார், மெல்ல.

மாமா அக்காவின் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோபமா? சாயங்காலத் தையல் கிளாஸ்ல அவ என்ன சொல்லிக்கொடுத்தான்னு நினைக்கிற? வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் ஊசில நூல் கோக்கத் தெரியாது. சொல்லிக்கொடுத்ததெல்லாம் நம்ம எழுத்து. நீ வந்து பாத்திருந்தா, ஆபீஸ்ல கேக்கறப்ப நீ பொய் சொல்லியிருக்கணும். 'அவனுக்குப் பொய் சொல்ல வராது, மாட்டிக்குவான்'னு உன்னைப் பத்திச் சொல்லுவா."

தம்பி பெட்டியின் முன்பக்கம் போய்க் குனிந்து தோள் கொடுத்தார்.

தெருவில் கூட்டமில்லை. காவலுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடவே நடந்து வந்தான். முதல் முனையில் பேக்கரிக்காரம்மா தனியாக நின்றிருந்தாள். பெட்டி அருகில் வந்ததும் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள். இருபதடி தள்ளி ஒரு பஸ் டிரைவர், அவரும் தனியாக. அதற்கப்புறம் ஒரு நர்ஸ், யூனிஃபார்மிலேயே. தனியாக நிற்பதற்குத் தடையில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு சத்தம்தான் எழுப்பினார்கள்.

நாலாவது ஆளைத் தாண்டும்போதுதான் தம்பிக்குப் புரிந்தது. முதல் எழுத்து, இரண்டாவது, மூன்றாவது. வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் ஆற்று மணலில் அவர் விரலைப் பிடித்து அக்கா எழுதவைத்த அதே வரிசை.

சிப்பாய் அவர் பக்கம் நெருங்கி வந்தான். "என்ன சொல்றாங்க இவங்க?"

தம்பி தோளில் பெட்டியைச் சரிசெய்துகொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவர் மாற்றி மொழிபெயர்த்ததில்லை.

"போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க," என்றார் அவனுடைய மொழியில். குரல் பிசிறவில்லை.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

சிப்பாய் தலையசைத்துவிட்டுப் பின்தங்கினான்.

கடைசி வீட்டைத் தாண்டியதும் பாதை மேடேறியது. பத்தொன்பதாவது ஆளாக ஒரு தபால்காரர், சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு அப்பால் கல்லறைவரைக்கும் வெறும் மண்பாதை, ஆளில்லை. எழுத்துகள் இன்னும் பாக்கி இருந்தன.



தம்பி இருபதாவதைச் சொன்னார். சொல்லி வெகுநாளானதால் பாதி காற்றாகத்தான் வந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த அக்காவின் மகள் எட்டி நடந்து அவருக்கு இணையாக வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததைச் சொன்னாள்.