கண்டெய்னருக்குள் நவதானியம்

கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தங்கப்பொண்ணு அதைச் சொன்னாள். கொட்டாம்பட்டி கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்திருந்தார்கள்.

“மொதப் பெட்டி. வெறுமனே அனுப்பலாமா? கதவச் சாத்துறப்போ நவதானியம் தூவிவிட்டேன் தமிழு. நீ பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்த.”

தமிழ்ச்செல்வி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“எங்க தூவுன மதினி?”

“உள்ளதான். கட்டிக மேல.”

தென்னைநார்க் கழிவை உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, அழுத்திய கட்டிகள். வெளிநாட்டில் தக்காளி வளர்ப்பவர்கள் மண்ணுக்குப் பதிலாக வாங்குகிறார்கள். வேறு விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு இந்தக் கழிவு நெடுஞ்சாலை ஓரம் குவிந்து கிடந்தது. யாராவது தீ வைப்பார்கள், வாரக்கணக்கில் புகையும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்ற ஆட்கள் வந்தார்கள். குவியல்கள் காணாமல் போயின. இப்போது தமிழ்ச்செல்வியிடம் நாற்பத்தாறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மட்டை ஏற்றி ஆறு டிராக்டர்கள் ஓடுகின்றன. இதுவரை தூத்துக்குடி வியாபாரி ஒருவர் அவளிடம் வாங்கித் தன் பெயரை ஒட்டி அனுப்பினார். இன்று போவது அவள் பெயர். திரும்பினால் மறுபடி அவர் பெயர்தான்.

அவள் டிரைவர் உக்கிரபாண்டியை அழைத்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“மாட்டுத்தாவணிக்கு முன்னாடி, ரிங் ரோடு திருப்பத்துல.”

“ஓரங்கட்டுங்க. வாரேன்.”

அடுத்து, ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் வெங்கடேஷ்பாபு. மதுரையில் அலுவலகம். நடந்ததைச் சொன்னாள்.

“மேடம், பெட்டியோட சீல வெட்டுனா கம்ப்யூட்டர்ல புதுச் சீல் நம்பர் ஏத்தணும். ஆறு மணிக்கு போர்ட் கேட் மூடிருவாங்க. இன்னிக்கு விட்டா கப்பல் போயிரும். ஒரு கை தானியத்த யாரு பாக்கப்போறா?”

“பாக்க வேணாம். தக்காளிக்காரன் தண்ணி ஊத்துவான். நாலாம் நாள் மொளச்சு நிக்கும்.”

தமிழ்ச்செல்வி தூக்குச்சட்டியை மூடினாள்.

“முளைப்பாரியா அனுப்புறோம்? ரெண்டேகாலுக்குப் புது நம்பர் தாரேன். ஏத்துங்க.”

பெட்டிக்குள் ஒரு வரிசைக்கு நூற்று நாற்பது கட்டிகள். அத்தனை புதுக் கட்டிகளையும் குட்டியானையில் ஏற்றச் சொன்னாள். நாற்பது பேர் கைமாற்றியதில் பத்து நிமிடத்தில் முடிந்தது. நான்கு பெண்கள் கட்டிகள் மேல் ஏறிக்கொண்டார்கள். தங்கப்பொண்ணு முன்னால் உட்கார்ந்தாள்.

மேலூர் தாண்டியதும் தங்கப்பொண்ணு சொன்னாள்.

“மொளச்சா நல்லதுதானேன்னு நெனச்சேன்.”

“நல்லதுதான் மதினி. நம்ம கோயில்ல.” தமிழ்ச்செல்வி சாலையைப் பார்த்து ஓட்டினாள். “எத்தன கை?”

“மூணு.”

கொஞ்ச தூரம் போனது.

“அஞ்சு.”

உக்கிரபாண்டி கட்டரோடு நின்றிருந்தார்.

“எட்டு வருசமா இந்த லைன் ஓட்டுறேன்க்கா. பூட்டுன பெட்டிய நானே வெட்டுறது இப்பத்தான்.”

“வெட்டுங்க.”

கட்டிகளைக் கூரை இடிக்க அடுக்கியிருந்தார்கள். தானியம் கதவோரக் கடைசி வரிசையைத் தாண்ட வழியில்லை. மொச்சையும் கொண்டைக்கடலையும் சுலபமாக அகப்பட்டன. எள் சந்துகளில் இறங்கி ஒட்டியிருந்தது. தமிழ்ச்செல்வி பொறுக்க விடவில்லை. அந்த வரிசை முழுவதையும் இறக்கச் சொன்னாள். அடுத்த வரிசையையும் இறக்கி, கட்டி கட்டியாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தரையைத் தங்கப்பொண்ணு ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தாள். வேறு யாரையும் துணியைத் தொட விடவில்லை.

தாண்டிப் போன லாரிக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்தான்.

“என்னண்ணே, பெட்டிக்குப் பொங்கலா?”

“ஆமா மாப்ள. வெள்ளையடிக்க ஆளு வேணும், வர்றியா?” என்றார் உக்கிரபாண்டி.

தட்டிப் பார்த்த வரிசை திரும்ப ஏறியது. வாசலில் புது வரிசை ஏறியது. எண்ணிக்கை மாறவில்லை, எடையும் மாறவில்லை. இரண்டு இருபதுக்கு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த புதுச் சீல் விழுந்தது. தமிழ்ச்செல்வி எண்ணைப் படமெடுத்து வெங்கடேஷ்பாபுவுக்கு அனுப்பினாள். ‘ஏத்தியாச்சு’ என்று பதில் வருவதற்குள் டிரெய்லர் நகர்ந்துவிட்டது.

அவள் கம்பெனிக்குத் திரும்பி, அழுத்தும் இயந்திரத்தைப் போடச் சொன்னாள். நான்கு மணிக்கு உக்கிரபாண்டி எட்டயபுரம் விலக்கைத் தாண்டியிருந்தார். ஐந்தரைக்கு அழைத்தாள், எடுக்கவில்லை. பெண்கள் வேலை முடிந்தும் போகவில்லை. கை கழுவிய குழாயடியிலேயே நின்றார்கள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவரே அழைத்தார்.

“நம்ம நம்பர் சரியா இருக்குன்னுட்டாக. கேட்டுக்குள்ள போயிட்டேன்க்கா. எனக்குப் பின்னாடி அம்புட்டு வண்டி நிக்குது.”

தமிழ்ச்செல்வி பெண்களைப் பார்த்துத் தலையசைத்தாள். யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தங்கப்பொண்ணு மட்டும் நின்றாள்.

“நாளைக்கு வரவா தமிழு?”

“வராம? வியாழக்கெழம ரெண்டாவது பெட்டி. கதவச் சாத்துறப்போ நீதான் உள்ள கடைசியாப் பாக்கணும்.”