பேர் தெரிகிற ஓட்டு

வெள்ளையேந்தல் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்பது இரண்டு பெண்கள். சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்ததோ அவர்களுடைய வீட்டுக்காரர்கள். இது எந்த ஊர் நியாயம் என்று தங்கலட்சுமி இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டிய அவள் புருஷன் பால்சாமி, நரிக்குடி ஒன்றிய அலுவலகத்துக்குப் போட்டுப் போவதற்காக வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேட்புமனுவை வாபஸ் வாங்கும் படிவம் கிடந்தது. அதில் அவளுடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

போன தேர்தலில் ஊர் இரண்டாகப் பிளந்து, முனியசாமி கோயில் பொங்கலே இரண்டு வருஷம் நின்றுபோனது. அந்தப் பயத்தில் இந்தத் தடவை ஒருவர்தான் நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்வது சுலபம். தங்கலட்சுமியும் ஒதுங்கவில்லை, மளிகைக்கடை ஐயாத்துரையின் மனைவி சண்முகவடிவும் ஒதுங்கவில்லை. அப்போதுதான் முனீஸ்வரன் திருப்பூரிலிருந்து ஒரு யோசனை அனுப்பினான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊர்ப்பக்கம் தலைகாட்டி மூன்று பொங்கல் ஆகிறது. இருந்தாலும் 'வெள்ளையேந்தல் உறவுகள்' வாட்ஸ்அப் குரூப்புக்கு அவன்தான் அட்மின்; அட்மின் என்றால் பாதி நாட்டாமை.

"குரூப்புல ஒரு போலு போடுறேன், எல்லாரும் அதுல ஓட்டுப் போடுங்க. வாபஸ் வாங்குற கடைசி நாளு, மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டயம். கம்மியா வாங்குறவுக மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கிரணும். சமமா வந்துச்சுன்னா சாமி விட்ட வழி, ரெண்டு பேரும் நிக்கட்டும்."

இதைக் கேட்டுத்தான் பால்சாமியும் ஐயாத்துரையும் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துவிட்டு வந்தார்கள். சூடம் அணைத்த பேச்சை மீறினவன் அந்தப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூடப் பக்கத்தில் ஆள் நிற்காது.

தங்கலட்சுமி சும்மா நிற்கவில்லை. பதினோரு வருஷம் நூறு நாள் வேலையில் ஆள் எண்ணி, போட்டோ எடுத்து, வருகை பதிந்தவள். நிற்பதற்காகத்தான் அந்த வேலையை விட்டாள். ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஒரு மைல் தூரம் சீமைக்கருவேல் மண்டி அடைத்துக் கிடந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் வேறு பக்கம் ஓடிவிடும், குதிரைவாலிப் பயிர்கூடக் கருகும். அதைச் சுத்தம் பண்ணச் சொல்லி ஏழு மனு எழுதினாள். ஏழிலும் தலைவர் கையெழுத்து விழவில்லை. எழுதுகிற கை நம்முடையதாக இருக்கும்போது கையெழுத்துப் போடுகிற கையும் நம்முடையதாக இருந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஆனால் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "ஊரு கேட்டுச்சு, நிக்கிறேன்" என்பாள். ஆசைப்பட்டு நிற்கிறேன் என்று ஒரு பெண்பிள்ளை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

காலை ஆறு மணிக்கு முனீஸ்வரன் போலைப் போட்டான். அரைமணி நேரத்தில் தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றாறு. ஊரே மூக்கில் விரல் வைத்தது. என்னவென்று பார்த்தால், ஒருத்தரே இரண்டு பேரையும் தொடலாம் என்று இருந்திருக்கிறது. எவர் மனசும் நோகக்கூடாதென்று எல்லாரும் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டார்கள். எண்ணைத் தொட்டால் போட்டவர் பேர், படம், நேரம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறதே. பிறகு என்ன செய்வார்கள்? முனீஸ்வரன் அதை அழித்துவிட்டு, 'ஒருத்தருக்கு மட்டும்தான் போட முடியும். மழுப்பாதீங்க மக்களே' என்று ஏழரைக்குப் புதிதாக ஒன்று போட்டான்.

அதன்பிறகு குரூப்பில் ஈ காக்கை இல்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதல் ஓட்டு ஏழு ஐம்பத்திரண்டுக்கு விழுந்தது. போட்டவர் சண்முகவடிவு, போட்டது சண்முகவடிவுக்கு.

குரூப் சிரித்து உருண்டது. தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொள்கிற குரங்குப் படம் ஒன்றை யாரோ அனுப்பினார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற தங்கலட்சுமியும் சிரித்தாள். பக்கத்து வீட்டு மூக்கம்மாளிடம், "அவுகளுக்கு அவுகளே போட்டுக்கிட்டாக மதினி, வெக்கத்த எங்க கொண்டுபோயி வச்சாகளோ" என்று சொல்லவும் செய்தாள். வீட்டுக்குள் பால்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"நம்ம குடும்பத்துல அப்படி ஒரு ஆளு கெடையாது. நமக்கு ஊரு போடும்."

ஊர் போட்டது, ஆனால் உள்ளூர் போடவில்லை. திருப்பூர், சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று வெளியே பிழைக்கப் போனவர்கள்தான் ஆளுக்கு ஒரு கட்சியாகக் கிளம்பி வந்தார்கள். படித்தவர் வேண்டும் என்றான் ஒருவன். கடை வைத்திருப்பவருக்குத்தான் ஊர் நிலவரம் தெரியும் என்றான் இன்னொருவன். துபாயிலிருந்து ஒருத்தர், கருத்துக்கணிப்புக்கும் கள நிலவரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு நிமிஷக் குரல்பதிவில் விளக்கினார். அவருக்கு இந்த ஊரில் ஓட்டே இல்லை. ஒரு பையன் கலர் கலராகப் படம் வரைந்து, ஐம்பது புள்ளி மூன்று சதவீதம் என்று போட்டான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் எல்லாரும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

தங்கலட்சுமிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஐந்து ஓட்டு முந்தினாள், பிறகு மூன்று பிந்தினாள். அடுப்பில் சோறு குழைந்தது தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றேகாலுக்கு எண்பத்துமூன்றுக்கு எண்பத்திரண்டு. எண்பத்திரண்டுதான் அவளுக்கு. அதற்குப்பிறகு இரண்டு பக்கமும் ஒரு ஓட்டு விழவில்லை. போட வேண்டியவர்கள், இரண்டு வீட்டுக்காரர்கள் உட்பட, போட்டாயிற்று. மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் உள்ளூர். பேர் தெரியுமென்று போனைக் கவிழ்த்து வைத்தவர்கள்.

பால்சாமி படிவத்தையும் பேனாவையும் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "எதுக்கும் கையெழுத்தப் போட்டு வச்சிரு தங்கம். கடைசி நேரத்துல ஓடுனா டயத்துக்குப் போய்ச் சேர முடியாது" என்றார்.

"இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

நேராகக் கண்மாய்க்குத்தான் போனாள். கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அறுபது பெண்கள், நல்ல வெயில். அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள்.

"ஏத்தா தங்கம், நீ விட்டுட்டுப் போறியாம்ல? எங்க வீட்டு ஆளு போனப் பாத்துச் சொன்னாரு."

"நாங்க யாருக்குப் போடன்னு எங்கள எவனாச்சும் கேட்டானா? எங்கிட்ட போனும் கெடையாது, ஒரு எழவும் கெடையாது."

"நீ பெட்டியில வா தாயி. பெட்டியில நாங்க பாத்துக்கிறோம்."

இந்த அறுபது ஓட்டும் பெட்டி வைத்தால்தான் ஓட்டு. பன்னிரண்டு மணிக்கு அவள் தோற்றுவிட்டால் பெட்டியே கிடையாது. மறுபடி எட்டாவது மனு, ஒன்பதாவது மனு.

அந்தக் கூட்டத்தில் போனும் வைத்துக்கொண்டு, குரூப்பிலும் இருந்து, இன்னும் ஓட்டுப் போடாத ஆள் ஒருத்திதான். மூக்கம்மாள் கடைசியில் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கலட்சுமி அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, குரூப்பு பாத்தீகளா?"

"பாத்தேன். ஒரு ஓட்டுல நிக்குது."

"நீங்க இன்னும் போடலையே."

மூக்கம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "தங்கம், பெட்டியில போடச் சொல்லு, கண்ண மூடிக்கிட்டு ஒனக்குப் போடுறேன். இதுல பேரு தெரியுதே. எம் மகன் அந்த ஐயாத்துரை கடை வண்டியிலதான் லோடு ஏத்துறான். இன்னைக்கி நான் போட்டேன்னா நாளைக்கி அவன் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அங்க போயி நிப்பான்?"

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. தங்கலட்சுமி போனைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"அன்னைக்கி ஒங்களுக்குக் கால் ஒடிஞ்சப்ப, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில நாலு நாளு ஒங்க கூடவே கெடந்தேன் மதினி."

சொன்ன உடனே மூக்கம்மாளின் முகம் செத்துப்போனது. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மண் ஒட்டிய பெருவிரலைச் சேலையில் துடைத்தாள். அந்த விரல் போனின் மேல் வந்து நின்றது, அழுத்தவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

தங்கலட்சுமிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இவள் தன் பிள்ளையின் பிழைப்பைப் பணயம் வைத்து ஓட்டுப் போட வேண்டும். நானோ என் வெட்கத்தைக்கூட வைக்க மாட்டேன். போன் என் கையிலேயே இருக்கிறது, குரூப்பில் என் பேரும் இருக்கிறது. காலையிலிருந்து ஊரெல்லாம் ஒரு ஓட்டைத் தேடுகிறேன். போடாத ஓட்டு ஒன்று என்னிடமே கிடக்கிறது.

"வேணாம் மதினி. போன உள்ள வைங்க. நாஞ் சொன்னத மனசுல வச்சிக்கிறாதீக" என்று சொல்லிவிட்டு மடையைப் பார்த்து ஓடினாள்.

கண்மாயில் மடையின் மேல் ஏறினால்தான் டவர் ஓரளவு நன்றாகக் கிடைக்கும். ஏறி நின்றாள். வெயிலில் திரை ஒன்றும் தெரியவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, போனையும் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டாள். உள்ளே இரண்டு பேர்கள், இரண்டு எண்கள். தன் பேருக்குப் பக்கத்தில் விரலை வைத்தபோது, கல்யாணப் பந்தியில் யாரும் கூப்பிடாமல் தானாகப் போய் உட்காருகிற மாதிரி உடம்பு கூசியது. பால்சாமி தடவின மீசை ஞாபகம் வந்தது. குரங்குப் படம் ஞாபகம் வந்தது. குழாயடியில் தான் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. நோட்டீஸ் அடித்தாயிற்று, வீடு வீடாகக் கும்பிட்டாயிற்று; நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

அழுத்தினாள்.

எண் மாறவில்லை. சின்னதாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தானையை உதறிவிட்டுப் போனை உயரத் தூக்கினாள். பதினொன்று ஐம்பத்தாறு. இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். கீழே அறுபது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே அண்ணாந்து பார்த்தார்கள். பதினொன்று ஐம்பத்தெட்டு. 'முனியசாமி, ஒரு நிமிஷம் கண்ணத் தெற' என்று வாய் முணுமுணுத்தது. கையை இறக்கிப் பார்த்தாள். எண்பத்துமூன்றுக்கு எண்பத்துமூன்று.

அந்த இரண்டு நிமிஷம் போல நீளமான நேரத்தை அவள் அனுபவித்ததில்லை. யாராவது ஒருத்தர், எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, விரலை வைத்தால் போதும். யாரும் வைக்கவில்லை. முனீஸ்வரன் எழுதினான்: 'டயம் முடிஞ்சது. சமம். சூடத்துச் சொல்படி ரெண்டு பேரும் நிக்கலாம்.' அடுத்த நொடியே குரங்குப் படங்கள் வந்து கொட்டின. இந்தத் தடவை குரங்குக்கு இரண்டு மாலை. கூடவே பால்சாமியிடமிருந்து போன்.

"என்ன காரியம் பண்ணியிருக்க? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நானுந்தான் காலையில சிரிச்சேன். சமமாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு."

"சூடத்துக்கு ஒண்ணும் பங்கமில்லையே?"

"இல்ல" என்றார்.

"அப்ப அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வண்டிய எடுத்துட்டு வாங்க. மூணு மணிக்கு மேல சின்னம் குடுப்பாக. அந்தப் படிவத்தக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு மடையிலிருந்து இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னாச்சு தங்கம்? சொல்லித் தொலையேன்."

"சமமாயிருச்சு. வாபஸ் இல்ல, நிக்கிறேன். கடைசியா ஒரு ஓட்டு விழுந்துச்சு."

"எந்த மகராசி போட்டா?"

அழுத்துவதைவிட இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முகமெல்லாம் சூடேறியது. மூக்கம்மாளை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாந்தான் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூக்கம்மாள் மண்வெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அதுக்கா இம்புட்டு நேரம்?" என்றாள்.